அப்பாவின் காலுக்கு ஒரு கல்லறை

அந்தச் சின்ன மரச்சிலுவையில் என் அப்பாவின் பெயர் எழுதியிருந்தது. அதன் முன்னால் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டு, மூச்சு வாங்கக் குனிந்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவரும் என் அப்பாதான். கல்லறைத் திருநாளில் கோலாலம்பூரில் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்பன், ஆத்தாள், காய்ச்சலில் பறிகொடுத்த பிள்ளை என்று யாரையாவது நினைத்து அழுதுகொண்டிருப்பார்கள். அப்பா மட்டும் தன்னுடைய இடது காலுக்கு ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறைந்த மந்திரமும் சொல்லிவிட்டு, சிலுவையைச் சுற்றி முளைத்த புல்லைப் பிடுங்குவார். அப்போது எனக்கு ஒன்பது, பத்து வயது. ஒரு மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவர் காலுக்குக் கல்லறை இருப்பதில் எனக்கு எந்த விசித்திரமும் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு அப்படி ஒன்று இல்லையே என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்பாவுக்கு ரயில்வே யார்டில் சரக்கு வண்டிகளை ஒன்றோடொன்று கோத்துவிடும் வேலை. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். இருபதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். மழை பெய்த ஒரு காலையில் வழுக்கி விழுந்தவரின் காலின்மேல் சக்கரம் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே அறுத்து எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் வலிக்கிறது என்றோ, இனி வேலைக்கு என்ன செய்வது என்றோ அவர் கேட்கவில்லையாம். "என் காலு எங்க? அத எங்கயாச்சும் வீசிடப் போறானுங்க. போயி வாங்கிட்டு வா" என்று அம்மாவை விரட்டியிருக்கிறார்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் உபதேசியார். சாமியார் ரப்பர் தோட்டம் தோட்டமாகப் பூசைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்வது, மந்திரம் கற்றுக்கொடுப்பது, செத்தவர்களை அடக்கம் பண்ணுவது எல்லாம் உபதேசியார்தான். மெலிந்த மனிதர், குரல் மட்டும் ரயில் எஞ்சினுக்குப் போட்டியாக வரும். கடைசி நாளில் செத்தவர்கள் உடம்போடு எழுந்திருக்கும் சரீர உத்தானத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் லயத்துப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். எக்காளம் ஊதும், கல்லறைகள் திறக்கும், எந்தக் கையால் திருடினோமோ, எந்தக் காலால் கோயிலுக்கு நடந்தோமோ, அதே கையோடும் அதே காலோடும்தான் பொதுத்தீர்வையில் ஆண்டவர் முன்னால் நிற்போம் என்பார். ஒருமுறை அப்பா வம்புக்கென்றே, "கிள்ளான் ஆத்துல முதல தின்னவன் எப்படி உபதேசியாரே எந்திரிப்பான்?" என்று கேட்டார். "முதல கக்கும்" என்றார் உபதேசியார், கண்கூடச் சிமிட்டாமல். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பாதான். அவர் அந்தப் பதிலை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டுவிட்டார் என்பது காலை இழந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆண்டவர் முன்னால் நொண்டிக்கொண்டு போய் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அம்மா பகல் முழுக்க ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நின்று டிரெசரிடம் கெஞ்சியிருக்கிறாள். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் அவர். அறுத்து எடுத்ததை அப்புறப்படுத்துவதும் அவர் பொறுப்புத்தான். முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், கடைசியில் மனம் இரங்கிக் கட்டுத்துணியால் இறுகச் சுற்றிய ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தார். "பிரிச்சுப் பாக்காத தாயி. பாத்தா தாங்க மாட்ட" என்றாராம். அம்மா பிரிக்கவில்லை. ரிக்‌ஷாவில் அதைப் பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது என்றும், ரத்தமெல்லாம் வடிந்துபோனதால் இருக்கும் என்று எண்ணிக்கொண்டதாகவும் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

யார்டில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் ஒரு மண்ணெண்ணெய் டின்னின் மேல்தகட்டை வெட்டி, மூட்டையை உள்ளே வைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். எங்கள் வழக்கப்படி செத்தவர்களைக் கிழக்கே கால் நீட்டித்தான் புதைப்போம். எழுந்து நிற்கும்போது ஆண்டவர் வரும் திசையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. மூட்டையைத் தடவி விரல் எந்தப் பக்கம் என்று பார்த்து, டின்னில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அந்தக் காலையும் கிழக்குப் பார்க்கவே குழியில் இறக்கினார்கள். உபதேசியார் தீர்த்தம் தெளித்தார். செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

பிறகு அப்பாவுக்குக் கிள்ளான் போகும் பாதையில் ரயில்வே கேட் காவல் கொடுத்தார்கள். ரயில் வரும்போது கேட்டை மூடித் திறக்கும் வேலை. நாங்களும் லயத்தை விட்டு அங்கே குடிபோனோம். மாட்டுவண்டிக்காரர்கள் காத்து நிற்கிற நேரத்தில், "காலு எப்படிண்ணே இருக்கு?" என்று வம்பிழுப்பார்கள். "நல்லாத் தூங்குது. சத்தம் போட்டு எழுப்பிடாதீங்க" என்பார் அப்பா. ஆனால் அது எப்போதும் தூங்கவில்லை. இல்லாத காலில் அவருக்கு அரிப்பெடுக்கும். "எறும்பு கடிக்குதுடி. அங்க புத்து வச்சிருக்கு, போயிப் பாத்துட்டு வா" என்று ஒரு நாள் அம்மாவின் உயிரை எடுத்தார். தொல்லை தாங்காமல் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு ரயிலேறிப் போனாள். சிலுவையின் அடியில் உண்மையாகவே செவ்வெறும்புப் புற்று இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தால், அரிப்பு நின்றுவிட்டது என்று அப்பா கேட்டருகே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தக் காலைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பதினோரு வருஷம் இப்படிப் போனது. காய்ச்சலில் படுத்த அப்பா ஐந்தாம் நாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைக் கொண்டுபோய்க் காலுக்குப் பக்கத்தில் வை, டின்னைத் திற, காலை எடுத்துப் பெட்டிக்குள் அதன் இடத்தில் வை, எழுந்திருக்கும்போது நான் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது என்றார். அம்மா சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் பாடுபட்ட சுரூபத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அதன் பிறகுதான் அவர் அமைதியாகப் போனார்.

ரயில்வேக்காரர்கள் நல்லவர்கள். ரயிலின் கடைசியில் வரும் கார்ட் வண்டியில் சவப்பெட்டியை ஏற்றிக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மறுநாள் காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். பெரிய குழி தயாராக இருந்தது. கடைசியாக முகம் பார்ப்பதற்காகப் பெட்டி திறந்திருந்தது. வெள்ளைக் கால்சட்டையின் இடது பக்கம் தட்டையாகக் கிடந்தது. அம்மா அதன் பக்கத்தில் புதுத் துணியை விரித்துவைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். குழிவெட்டுகிறவர் சின்ன மேட்டைத் தோண்டினார். டின் முழுதாக வரவில்லை, துருப்பிடித்து அப்பளமாக நொறுங்கியது. மக்கிப்போன துணியிலிருந்து எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அம்மாவின் துணியில் வைத்தார். நீள எலும்பு இரண்டு, பிறகு குதிகால், பிறகு கூழாங்கற்கள் மாதிரி விரல் எலும்புகள். அப்போது அவர் கை நின்றது. மண்ணைத் தேய்த்துவிட்டு எதையோ வெயிலில் தூக்கிப் பார்த்தார். அதை அம்மாவிடம் நீட்டினார்.

அது ஒரு வெள்ளி மெட்டி.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு எழுதும்போதும் அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது. யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த எலும்புகளைப் பார்த்தால் யாருக்கும் தெரியும், அது சின்னப் பாதம், ஒரு பெண்ணின் பாதம். அப்பாவுடைய கால் பலகை மாதிரி இருக்கும். அப்படியானால் பதினோரு வருஷமாக நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றியது யாருக்கு? அப்பாவைக் கடித்த எறும்பு யாருடைய காலைக் கடித்தது? என் அப்பாவின் கால் எங்கே? பின்னால் நின்றவர்களில் ஒருவர் பயத்தில் சிரித்துவிட்டார். நான் திரும்பி முறைத்ததில் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அன்னைக்குப் பொம்பள வார்டுல ஒருத்தி கத்திக்கிட்டே இருந்தா" என்றாள் மெதுவாக. "மம்பட்டி வெட்டு, புரையோடிப் போச்சுன்னாங்க. காஜாங் பக்கம் ஏதோ தோட்டமாம். அவளுக்கும் அன்னைக்குத்தான் எடுத்தாங்க." வீங்கிய விரலிலிருந்து மெட்டியைக் கழற்ற முடியாமல் விட்டிருப்பார்கள். டிரெசருக்கு இரண்டும் துணி சுற்றிய மூட்டைகள். ஒன்றை மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்பாவின் கால் அவளுடையது என்ற கணக்கில் போயிருக்கும்.

எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. போன வருஷம் எங்கள் பங்கின் இளம் சாமியாரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "பாட்டி, எலும்ப எண்ணிப் பாத்தா கடவுள் நம்மள எழுப்பப் போறாரு? கவலப்படாதீங்க லா" என்றார். படித்தவர், அவர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் அந்தக் குழியோரத்தில் நிற்கவில்லை. எங்களுக்கு அன்று எக்காளம் என்பது நாளைக் காலை வரப்போகிற ரயிலைப் போல நிச்சயமானது. என் அப்பா ஆண்டவர் முன்னால் எப்படி நிற்பார் என்பதை இன்னும் கால்மணி நேரத்தில் முடிவுசெய்ய வேண்டும். அந்தப் பெண் அன்று பிழைத்தாளா, எங்கே புதைந்தாள், அவளை எரித்தார்களா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. தீர்வைக் கூட்டத்தில் ஒற்றைக் காலோடு ஒரு பெண் நொண்டிக்கொண்டு வருவது மட்டும் என் கண்ணுக்கு அப்போதே தெரிந்தது. அவள் முகம் தெரியவில்லை.

உபதேசியார்தான் முதலில் தெளிந்தார். என் வாழ்நாளில் முதல்முறையாக அவர் தாழ்ந்த குரலில் பேசியதைக் கேட்டேன். "தங்கச்சி, இருந்த எடத்துலயே போட்டு மூடிருவோம். வெளிய யாரும் பேசவேணாம். ஆம்பளப் பெட்டியில யாரோ ஒரு பொம்பள காலையா வைக்கிறது? அவ ஞானஸ்நானம் வாங்குனவளான்னுகூடத் தெரியாது." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. என் அப்பாவோடு முன்பின் தெரியாத ஒருத்தியா என்று அருவருப்பாகக்கூட இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. "ஆமாம்மா, மூடிடலாம்" என்று நானும் அம்மாவின் தோளைத் தொட்டேன்.

அம்மா என் கையை விலக்கினாள். குழிவெட்டுகிறவரிடம் தண்ணீர் கேட்டு வாங்கி மெட்டியைக் கழுவினாள். முந்தானையால் துடைத்து, விரல் எலும்புகளில் ஒன்றில் அதை மாட்டினாள். இன்னொருத்தியின் புருஷன் போட்டுவிட்டது, நாம் எடுக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புதுத் துணியை மடித்துக் கட்டினாள். பிறகு எழுந்து பெட்டியருகே போனாள். அந்தத் தட்டையான கால்சட்டைப் பக்கம் வைக்கப்போகிறாள் என்று நினைத்தோம். அங்கே வைக்கவில்லை. அப்பாவின் வலது கைப் பக்கத்தில், விரல்கள் படுகிற மாதிரி வைத்தாள்.

"என்ன தங்கச்சி செய்யுற?" என்றார் உபதேசியார்.

"தீர்வ நாள்ல அவ இதத் தேடிக்கிட்டு வருவால்ல உபதேசியாரே? வெறும் மண்ணப் பாத்துட்டுத் திரும்பிப் போகணுமா? கைக்கு எட்டுற எடத்துல இருந்தா இவரு சட்டுன்னு எடுத்துக் குடுத்துருவாரு."

உபதேசியார் பெட்டியின் பக்கம் குனிந்தார். முதலைக்குப் பதில் வைத்திருந்த மனிதர். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "அப்ப இவரு காலு?" என்று கேட்டார், குழந்தை கேட்பது மாதிரி.

அம்மா அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"வர்றவ வெறுங்கையோடயா வருவா?" என்று சொல்லிவிட்டு, பெட்டியை மூடி ஆணி அடிக்கச் சொன்னாள்.