அம்மன் முறையில் விழுந்த இறால்

எனக்குக் காது போனதும் குரல் பெரிதாகிவிட்டது. இது குப்பத்துக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியின் கருவாட்டுக் குழம்பைப் பற்றி வீட்டுக்குள் ரகசியமாக ஏதாவது சொல்வேன். உடனே அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பாள். எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறாளோ என்று அதையும் சொல்வேன். அதுவும் அவளுக்குக் கேட்கும்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். எழுபதுகளில், பெண் பிறந்த கொஞ்ச நாளில் நெஞ்சு நோய் வந்து படுத்துவிட்டேன். மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். உயிர் தங்கியது, காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே போய்க் கடைசியில் சுத்தமாக நின்றுவிட்டது. நோய் எடுத்ததா ஊசி எடுத்ததா, யாரைப் போய்க் கேட்பது? பிழைத்ததே பெரிது என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மடியில் குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது, முகமெல்லாம் சிவந்து போகிறது, எனக்கு ஒரு சத்தமும் இல்லை. இதில் என்ன பெரிது? படுக்கும்போது அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் படுப்பேன். வயிறு குலுங்கினால் அழுகிறாள் என்று எழுந்து உட்காருவேன்.

அவளுக்குப் பேச்சு வந்தபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் எதையோ சொல்வாள், வீடே சிரிக்கும். இன்னா சொல்லிச்சு, இன்னா சொல்லிச்சு என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். யாராவது வாயசைத்துப் புரியவைப்பதற்குள் எல்லோரும் சிரித்து முடித்திருப்பார்கள். நான் மட்டும் தனியாகச் சிரிப்பேன். எனக்கு ஊர் பேச்செல்லாம் கேட்க வேண்டாம், சினிமாப் பாட்டு வேண்டாம். என் பெண் அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மெட்ராஸில் காது டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றை என் ஜாக்கெட்டில் மாட்டி, அதிலிருந்து வந்த ஒயரைக் காதில் சொருகி, சின்னச் சக்கரம் ஒன்றைத் திருகினார். முதலில் கரகரவென்று ஓர் இரைச்சல். பிறகு யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அப்புறம் என் பின்னால் என் வீட்டுக்காரர் இருமினார். பீடி குடித்துக் குடித்து வந்த அதே வறட்டு இருமல்! எத்தனை நாள் அதற்காக அவரைத் திட்டியிருப்பேன்!

"யோவ், இருமுய்யா! இன்னொருவாட்டி இருமு!" என்று கத்தினேன். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். என் வீட்டுக்காரர் வெட்கத்தோடு இன்னொரு தடவை இருமிக் காட்டினார்.

அப்புறம் டாக்டர் அதைக் கழற்றி மேஜை மேல் வைத்து, விலையைச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் முகம் போன போக்கிலேயே தெரிந்துவிட்டது. புதிதாக ஒரு வலை வாங்குகிற காசு, அதற்கு மேலும் இருக்கும். என் நகையெல்லாம் ஊசிக்கே போயிருந்தது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். அவளையும் தூக்கி வந்திருந்தால் அந்த ஒரு நிமிஷத்தில் கேட்டிருப்பேனே என்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவரோடு சண்டை போட்டேன். பாவம், அவர் பதில் பேசி என்ன பிரயோசனம்?

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. யார் உதவி செய்வார்கள் என்று கேள்விப்பட்ட இடத்துக்கெல்லாம் அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். பொன்னேரியில் மனு கொடுத்தோம், பதில் வரும் என்றார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. என் கொழுந்தன் அங்கே ஓர் இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஆபீசர் வீட்டம்மாக்கள் சங்கம் வைத்து ஏழைகளுக்கு உதவுகிறார்கள் என்று அவன் வந்து சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்ததும் கிளம்பி, புதுவாயலில் பஸ் மாறிப் போனோம். அந்த அம்மாக்கள் நல்லவர்கள். நான் காதைக் காதைத் தொட்டுக் காட்டினேன், வீட்டுக்காரரும் எடுத்துச் சொன்னார். பாவமாகத் தலையசைத்து, எனக்கு இரண்டு புடவையும் குழந்தைக்கு ஒரு டின் பால் பவுடரும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். புடவை நல்ல புடவைதான், காதில் சொருகிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

கடைசியில், கம்பெனிக்கு இறால் வாங்குகிற ஏஜெண்டு தானே முன்வந்து பணம் தருவதாகச் சொன்னார். வாங்கினால் அவர் சொல்கிற விலைக்குத்தான் வருஷக்கணக்கில் இறால் போட வேண்டும். அப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் எனக்காகத் தலையாட்டிவிட்டு வந்து நின்றார். "என் காதுக்கோசரம் உன் கைய கட்டிக்காத" என்று நான்தான் தடுத்தேன். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல.

இனி ஊர்க் கூட்டம் நடந்த கதையைச் சொல்ல வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில்தான் இறால் அதிகம். அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் குடும்பத்துக்கு ஒரு முறை என்று ஊரில் பிரித்து வைத்திருந்தார்கள். அம்மனுக்கும் ஒரு முறை உண்டு. அன்றைக்கு விழுவது எதுவானாலும் கோயிலுக்கு, ஆடித் திருவிழாச் செலவுக்கு. அந்த வருஷம் வாலிபப் பையன்கள் பெரிய மைக் செட் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பனைமரத்தில் குழாய் கட்டினால் அக்கரைக் குப்பம்வரை கேட்குமாம்.

கோயில் பக்கத்தில் பூவரச மரத்தடியில் ஆம்பளைகள் கூடியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றேன். பெண்கள் அங்கே வாய் திறக்கிற வழக்கம் இல்லை. நானும் திறப்பதாக இல்லை. என்ன பேசுகிறார்கள் என்று கேட்டதற்கு, மைக் செட் என்று அவர் வாயசைத்துக் காட்டினார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து அவர் காதோடு காதாக, மெல்ல, ரொம்ப மெல்ல ஒன்று சொன்னேன்.

"அம்மனுக்குக் காது நல்லாத்தானே கீது? அதுக்கு இன்னாத்துக்கு மைக்கு செட்டு? காது போனவ நானு!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், கூட்டம் மொத்தமும் என்னையே பார்க்கிறது. வாலிபப் பையன் ஒருவன் பாதியில் நின்ற வாயை மூடவில்லை. கோயில் வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து நின்றுவிட்டது. வீட்டுக்காரர் என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, நிதானமாக வாயசைத்தார். "ஊரே கேட்டுச்சுமே." 

ஊர்ப் பெரியவர் தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு ஏதோ பேசினார். ஒருவர் வானத்தைக் காட்டிக் கையை ஆட்டினார். பையன்கள் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். யார் எனக்காகப் பேசுகிறார், யார் எதிராகப் பேசுகிறார், எதுவும் புரியாமல் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூட்டம் கலைந்த பிறகுதான் வீட்டுக்காரர் சொன்னார். அம்மன் கோபித்துக்கொள்ளும் என்று சிலர் பயந்தார்களாம். "அந்தப் பொண்ணு வாயால அம்மனே கேட்டுக்கினு கீதுன்னு வச்சிக்கோங்க" என்று பெரியவர் முடித்துவிட்டாராம். அந்த வருஷம் அம்மன் முறையில் விழுவது, காது மிஷின் வாங்க, எனக்கு. நிறைய விழுந்தாலும் எனக்கு, ஒன்றும் விழாவிட்டாலும் அவ்வளவுதான், அப்புறம் கேட்கக் கூடாது.

அதற்கு முந்தின நாள் வலை கட்டியவர்களுக்குப் பொடிமீன்தான் கிடைத்தது. நான் சாப்பிடவே இல்லை. அம்மன் முறையன்று விடியும்போதே குழந்தையோடு கரையில் போய் நின்றேன். குப்பத்துப் பெண்கள் பாதிப்பேர் அங்கே வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் வந்திருந்தாள், என் முழங்கையை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வலையைச் சுருக்குவது தெரிந்தது. மைக் செட் கேட்டு முறைத்துக்கொண்டு போன பையனும் அங்கே ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வலை மேலே வந்தது. ஒருவரும் அசையவில்லை. போச்சு, ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். சுழற்றினார், நிறுத்தவே இல்லை. என்னைச் சுற்றி எல்லோருடைய வாயும் ஒரே நேரத்தில் திறந்தது. கத்தியிருப்பார்கள்! நானும் கத்தினேன். குழந்தை என்னவென்று தெரியாமலே கை தட்டினாள். கூடைகூடையாக வந்து இறங்கியது, எல்லாம் கம்பெனிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற பெரிய இறால். கூடைக்குள்ளே துள்ளித் துள்ளி விழுந்தது. ஏஜெண்டு எடை போட்டபோது பெரியவரே தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மிஷினுக்கும் போதும், பேட்டரிக் கட்டைக்கும் போதும் என்று வீட்டுக்காரர் சைகை காட்டினார். நான் ஈரமணலில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளே மெட்ராஸுக்குப் போய் வாங்கிவிட்டோம். கடையில் மாட்டியதைக் கழற்றவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் விசில், ஹாரன், ஜன்னல் கடகடப்பு, பின்சீட்டில் யாரோ இரண்டு பேர் சண்டை, எல்லாம் ஒன்றாக வந்து காதுக்குள் விழுந்தன. பேச்சு முழுசாகப் பிரியவில்லை, தலை வலித்தது. வலிக்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் அணைத்து வைக்கும்படி வீட்டுக்காரர் சொன்னார். கையைத் தட்டிவிட்டேன்.

வீட்டை நெருங்கும்போதே அவள் குரல் கேட்டது. மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஆயா, மீனு. ஆயா, மீனு." கீச்சுக் குரல், கொஞ்சம் மூக்கால் வந்தது. இதுவா என் பெண்ணின் குரல்! உள்ளே ஓடினேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து வந்தாள். வந்தவள் வாயை இறுக மூடிக்கொண்டு, என் முழங்காலைத் தட்டி, அடுப்பைக் கை காட்டினாள்.

"அம்மா சொல்லு" என்றேன். புடவையைப் பிடித்து இழுத்தாள். "அம்மான்னு கூப்புடுடி!" என் வாயையே பார்த்தாள், பிறகு மறுபடி தட்டினாள்.

மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது உன்னெ எப்பவும் கூப்புட்டது இல்லமே. கூப்புட்டா நீ வரமாட்டன்னு அதுக்குத் தெரிஞ்சிபோச்சி. உன்கிட்ட மட்டும் கைதான்."

ஊர் முழுக்க அலைந்து, அம்மன் பங்கையே வாங்கி, நான் கேட்க வந்த வார்த்தை அவளிடம் இல்லவே இல்லை. இதை எனக்கு யாருமே சொல்லவில்லையே என்று எல்லோர் மேலும் கோபம் வந்தது. நான் கேட்டிருந்தால்தானே சொல்லியிருப்பார்கள்!

மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் நான் இல்லை. அடுத்த நாளிலிருந்து அவள் என் முதுகுக்குப் பின்னால் ஏதாவது சத்தம் செய்தால் சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். ஒரு தடவை கரண்டியைக் கீழே போட்டாள், திரும்பினேன். சந்தேகத்தோடு என்னைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டாள், மறுபடி திரும்பினேன். அதுவே அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. தட்டைத் தட்டுவாள், கதவை அறைவாள், நான் திரும்பினதும் விழுந்து விழுந்து சிரிப்பாள். மாமியாருக்குத்தான் பேஜாரு.

அப்படி ஒரு நாள் காலையில் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குள் அவள் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. அங்கிருந்து பார்த்தால் என்னைத் தெரியாது, எட்டித் தட்டவும் முடியாது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "ம்மா."

கை அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா." இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பலமாக. "அம்மா! அம்மா!"

கண்ணில் தண்ணீர் வந்து மீனும் தெரியவில்லை, கத்தியும் தெரியவில்லை. ஓடிப் போய்த் தூக்கிக்கொள்ள உடம்பெல்லாம் பறந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அடுப்படியிலிருந்து மாமியார் சத்தம் போட்டார். "இன்னாமே, புள்ள அவ்ளோ நேரமா கூப்புடுது, காது கேக்கலியா உனுக்கு?"

"கேக்குது அத்தே," என்றேன். "இன்னும் கொஞ்சம் கூப்புடட்டும்."