ஃபாயின் காரும் பாஜியின் வாயும்

செரேகுண்டா ஊரில் லாத்சுக் ஃபாயின் கார் வருவதை யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கியர் மாறும்போதெல்லாம் கிளம்பும் 'டங்' சத்தமே சொல்லிவிடும். வயதான ஜெர்மன் டீசல் கார், ஆட்டோமேட்டிக் கியர். அது இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவினால் பின்சீட்டுக்காரர் முன்சீட்டுக்கு வந்துவிடுவார் என்பார்கள். மிகைதான், பாதி தூரம்தான் வருவார். போதாக்குறைக்கு, சாவியைத் திருகினாலும் எஞ்சின் நிற்காது. லாத்சுக் இறங்கி, பானட்டைத் திறந்து, உள்ளே ஒரு கம்பியை அமுக்கினால்தான் ஓயும்.

சந்தையில் துணி விற்கும் விதவை ஹோரெஜா சீசேயைக் கட்டிக்கொள்ள அவனுக்கு ஆசை. அவளுக்கும் சம்மதம்தான். பிரிகாமாவில் இருக்கும் அவள் மாமாவின் முன், வெற்றிலை பாக்கு வைப்பதுபோல், கோலாக் கொட்டை வைத்துப் பெண் கேட்க வேண்டும்; அவர் அதை உடைத்துப் பங்கிட்டால் சம்மதம்.

"இந்த வண்டியில நான் வரமாட்டேன். போன தடவை என் தலைத்துணி அவுந்து டிரைவர் மடியில விழுந்துச்சு."

"டிரைவர் நான்தானே?"

"அதான் வெக்கமாப் போச்சு. முதல்ல வண்டியைச் சொன்ன பேச்சு கேக்க வைங்க. அப்புறம் பாப்போம்."

லாத்சுக் மெக்கானிக் அன்சு பாஜியிடம் ஓடினான். இவன் செரர் இனம், அவன் ஜோலா இனம். செரரும் ஜோலாவும் எதிர்ப்பட்டால் திட்டியும் புளுகியும் சீண்டியே ஆக வேண்டும், கோபப்படக் கூடாது. பாட்டன் பூட்டன் காலத்துக் கேலி உரிமை.

"வாடா என் அடிமை! எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எங்கடா ஊர் சுத்துற?"

"உங்க வீட்டுல ஏதுடா சோறு? பனங்கள்ளுதானே!"

மரியாதை முடிந்ததும் அன்சு வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். "கியர்ல ஒண்ணும் இல்ல. கதவுலதான் ஓட்டை."

"உன் மண்டையில இருக்குற ஓட்டை கதவுல தெரியுதோ?"

"நிஜமாடா! எஞ்சின்ல ஒரு பம்ப்பு காத்தை உறிஞ்சுது. அந்த உறிஞ்சல்தான் சின்னச் சின்ன வேக்கம் டியூப்ல கியருக்கும் போகுது, எஞ்சினை நிறுத்துற இடத்துக்கும் போகுது, கதவுப் பூட்டுக்கும் போகுது. கதவுக்குள்ள ரப்பர் கிழிஞ்சு கிடந்தா மத்ததுக்கு என்னடா மிஞ்சும்?"

கதவு கிழிந்தால் கியர் உதைக்குமாம்! லாத்சுக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு ஜோலா செரரிடம் சொல்லக்கூடிய பொய்களில் இது உயர்ந்த ரகம். நேரே வேறு பட்டறைக்குப் போய் கியர் ஆயிலை மாற்றினான், ஃபில்டரை மாற்றினான், கடைசியில் கியர்பாக்ஸையே இறக்கி ஏற்றினான். வண்டி முன்னைவிட உற்சாகமாக உதைத்தது.

ஒருநாள் சந்தை வாசலில், வெயிலுக்குப் பயந்து ஹோரெஜா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க, லாத்சுக் வெளியிலிருந்து தன் பக்கக் கதவைப் பூட்டினான்.

"ஐயோ, திறங்க! என் பக்கத்துக் கதவுக்குள்ள பாம்பு சீறுது!"

அவள் மண்டிங்கா இனம்; கேலி உரிமை இல்லாதவள் சொன்னதைச் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அன்சு சொன்ன கதவு ஓட்டை ஞாபகம் வர, லாத்சுக் அவனிடம் பறந்தான். "பாம்பில்லடா, கிழிஞ்ச ரப்பர்ல காத்து சீறுது" என்று அன்சு கதவுகளுக்குப் போகும் டியூபைக் கழற்றி, அதன் வாயை ஒரு திருகாணியால் அடைத்தான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பால் குடித்த பிள்ளைபோல் அடங்கியது. ஓட்டிப் பார்த்தால், கியர் மாறியதே தெரியவில்லை.

"இதைத்தானேடா நான் அன்னிக்கே சொன்னேன்?"

"நீ சொன்னே. அதனாலதான் நம்பல."

இதைக் கேள்விப்பட்ட ஹோரெஜா, "மாமாகிட்ட பேச அந்த மெக்கானிக்கையே கூட்டிட்டு வாங்க. அவருதான் உண்மை பேசுறவரு" என்றுவிட்டாள்.

பிரிகாமாவில் அன்சு கைக்கறையைத் தேய்த்துக் கழுவி, கோலாவை வைத்து, தொண்டையைச் செருமினான்.

"லாத்சுக் ரொம்ப நல்லவருங்க. நேர்மையானவரு. அளவாத்தான் சாப்பிடுவாரு. யாரு நல்லது சொன்னாலும் உடனே கேட்டுக்குவாரு."

மாமா புருவத்தைத் தூக்கினார். "தம்பி என்ன ஆளுங்க?"

"ஜோலாங்க."

"மாப்பிள்ளை?"

"செரர்."

வீடே வெடித்துச் சிரித்தது.

"ஐயா, சத்தியமா இது நிஜம்!" என்று அன்சு கெஞ்சினான். சிரிப்பு கூடியது.

"அவன் சொல்றது உண்மைதாங்க!" என்று லாத்சுக் எழுந்தே நின்றுவிட்டான். மாமா நாற்காலியிலிருந்து சரிந்தார். ஹோரெஜா தலைத்துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"இந்த மாதிரி ஒரு பொய்யை ஒரே மூச்சுல, சிரிக்காமச் சொல்ல ஒரு சிநேகிதன் இருக்கானே! அது போதும்" என்று மாமா கண்ணைத் துடைத்தபடி கோலாவை உடைத்து, முதல் துண்டை ஹோரெஜாவிடம் நீட்டினார். அவள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

லாத்சுக் தன் துண்டை மென்றபடியே, தான் அளவாகத்தான் சாப்பிடுவேன் என்று பக்கத்திலிருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தான்.