நான்கு மூலையிலும் மஞ்சள்

எழுபதுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் ‘ஆபரேட்டர்’ என்று சொன்னால் இரண்டு பேரைத்தான் நினைப்பார்கள். ஒருவர் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிறவர், மற்றவர் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஊரில் அந்த வகையில் நான் ஒருவன்தான் என்பதால், என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேச இன்னொரு ஆள் கிடையாது. எனக்குப் பெண் தேடிய தரகர், “ஏசி ரூம்புல வேல. மிஷினு வேல செய்யும், இவரு பாத்துக்கிட்டே இருப்பாரு” என்று வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனாராம். கேட்டபோது கோபம் வந்தது. பின்னாளில் யோசித்துப் பார்த்தால், அந்த மனிதர் அளவுக்கு என் தொழிலை யாரும் சரியாக விளக்கியதில்லை.

எங்களுக்கு நரிக்குடிப் பக்கம் மானாவாரி நிலம். மிளகாய் போட்டால் மழை வராது. மழை வந்தால் பழம் செடியிலேயே அழுகும். அதிலிருந்து தப்பிக்கத்தான் மதுரையில் கணிதம் படித்தேன், மெட்ராஸுக்குப் போய்க் கம்ப்யூட்டர் ஓட்டவும் பழகினேன். அங்கே என்னைப்போலப் பழகியவர்கள் எனக்கு முன்பே வரிசையில் நின்றார்கள். அந்தச் சமயத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலை முதலாளி, தன் சம்பந்தியின் மில்லில் கம்ப்யூட்டர் வந்துவிட்டதைக் கேள்விப்பட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். எதற்கு என்று அவரிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. மெட்ராஸ் கம்பெனி ஒன்று ஓட்டித் தேய்த்த பழைய இயந்திரத்தை வாடகைக்கு அனுப்பியது. அதோடு நானும் வந்து சேர்ந்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே நிபந்தனை. ஆறு மாதம் தற்காலிகம். அதன் முடிவில் நல்ல நாள் பார்த்து, விருந்தாளிகள் முன்னிலையில், மில் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் சம்பளச் சீட்டைக் கம்ப்யூட்டர் அச்சடித்துக் காட்ட வேண்டும். காட்டினால் இரண்டு பேரும் நிரந்தரம். “இல்லேன்னா மிஷினு மெட்ராஸுக்கு, தம்பி நரிக்குடிக்கு” என்று தலைமைக் கணக்கர் எனக்கு அன்பாக எடுத்துச் சொன்னார். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து மில் கணக்கைப் பார்த்து வந்த பெரியவர் அவர். ஊரில் என் அப்பாவும் தயாராகத்தான் இருந்தார். “வேல நிக்கலேன்னா வந்துருய்யா, ஆடு மேய்க்க ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று ஒவ்வொரு முறை போகும்போதும் சொல்வார். அவர் ஆறுதலுக்காகச் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே மில்லுக்குத் திரும்பிவிடுவேன்.

கம்ப்யூட்டரைக் காப்பது என்றால் முதலில் அதை மனிதர்களிடமிருந்து காப்பது என்று மெட்ராஸில் சொல்லித் தந்திருந்தார்கள். மில்லிலேயே குளிர்சாதனம் இருந்த ஒரே அறை கம்ப்யூட்டர் அறை. வெளியே வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. உடனே மில்லில் எல்லோருக்கும் கம்ப்யூட்டரின் மேல் அக்கறை பிறந்துவிட்டது. எடை போடுகிறவர் மணி பார்க்க வருவார். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டிய மல்லிகைப் பூ கூடைகூடையாக வந்து பிரிண்டர் மேல் உட்காரும். ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்று பலகை எழுதச் சொன்னேன். வெயிலில் எழுத்து வெளுத்துவிடும் என்று கணக்கர் அதை அறைக்கு உள்ளே மாட்டிவைத்தார். வருகிறவர்கள் காற்று வாங்கியபடி நின்று நிதானமாகப் படித்தார்கள்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு எதையும் அட்டையில் துளை போட்டுத்தான் சொல்ல வேண்டும். தொழிலாளி ஒருவருக்கு ஓர் அட்டை. டைப்ரைட்டிங் படித்த இரண்டு பெண்கள், ஒரு மெஷினில் உட்கார்ந்து தட்டித்தட்டித் துளை போடுவார்கள். அட்டைகளை அடுக்கி வைத்தால் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துத் துளைகளைப் படித்துக்கொள்ளும். அட்டை விறைப்பாக இருக்க வேண்டும், அழுக்கோ ஈரமோ படவே கூடாது. ஓர் அட்டை கெட்டாலும் என்ன செய்வது என்று யோசித்து, எல்லா அட்டைக்கும் ஒரு நகல் எடுத்து இரண்டாவது பெட்டியில் போட்டுவைத்தேன். எதற்கும் ஒரு நகல் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம். அதை நினைத்து எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சோதனைக்கு முந்தின நாள் கணக்கர் வந்தார். “தம்பி, ரெண்டு பெட்டியவும் பூசை ரூம்புல வைக்கச் சொல்றாக முதலாளி. காலையில சாமி கும்புட்டுட்டு அவுக கையாலயே எடுத்து மிஷின்ல வைப்பாக” என்றார். பூசை அறையில் பெட்டி இருப்பதில் என்ன கெடுதல் வந்துவிடும்? கொடுத்துவிட்டு, மெட்ராஸிலிருந்து வந்த என்ஜினீயரை அழைக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் அறையில் கால் வைக்க இடமில்லை. பக்கத்து ஊர் மில் முதலாளிகள், பேங்க் மேனேஜர், முதலாளியின் சம்பந்தி, எல்லோர் நெற்றியிலும் சந்தனம். நல்ல நேரம் முடிவதற்குள் முதலாளி தாம்பாளத்தோடு வந்தார். பெட்டியின் மூடியைத் திறந்தார். நான் பார்த்தேன். அடுக்கின் ஓரம் முழுக்க மஞ்சள்.

எங்கள் பக்கம் புதுக்கணக்குப் போட்டாலும், கல்யாணப் பத்திரிகை அடித்தாலும், தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் அது வெளியே போகாது. நானே எத்தனையோ பத்திரிகைக்கு வைத்திருக்கிறேன். அந்த அட்டைகளும் ஒரு வகையில் புதுக்கணக்குத்தானே என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

“ஒரு அட்ட விடல தம்பி” என்று கணக்கர் என் காதில் சொன்னார். “முதலாளி வைக்கச் சொன்னாக, ஆபீஸ் மொத்தமும் உக்காந்து நாலு மூலையும் வச்சுட்டோம். இந்த ஒரு மூல மட்டும் எல்லாத்துலயும் வெட்டுப்பட்டு மூளியா இருந்துச்சு. அதுல கொஞ்சம் கூடவே அப்பியிருக்கு.”

அட்டை தலைகீழாக அடுக்கப்படாமல் இருக்க அந்த மூலையை வேண்டுமென்றேதான் வெட்டியிருப்பார்கள். அதை விளக்க அது நேரமில்லை.

“ஐயா, அந்த ரெண்டாவது பெட்டி?”

“அதுக்கும் வச்சாச்சு. அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

முதலாளி அட்டைகளை வைத்தார். கைதட்டினார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். முதல் அட்டை இரண்டாவதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது, மூன்றாவது குறுக்கே விழுந்தது, உள்ளே கரும்பு பிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, எல்லாம் நின்றுவிட்டது. என் ஆறு மாதமும் அந்தச் சத்தத்தோடு நின்றது போல இருந்தது.

“என்னப்பா ஆச்சு?” என்றார் முதலாளி.

பதில் எனக்குத் தெரியும். அறையில் என்ஜினீயருக்கும் தெரியும். ஆனால் முதலாளி வைக்கச் சொன்ன மஞ்சளால்தான் காரியம் கெட்டது என்று அருப்புக்கோட்டையில், சம்பந்தி முன்னால், சந்தனம் பூசிய அத்தனை பேருக்கும் நடுவில் ஒருவன் சொல்ல முடியுமா? சொன்னவனை அன்றைக்கே பஸ் ஏற்றியிருப்பார்கள். மெட்ராஸ்காரருக்கு இந்த இங்கிதம் ஏது? “சார், யார் இந்தக் கார்டுல எல்லாம்...” என்று ஆரம்பித்தார். அவர் காலை அழுத்தி மிதித்தேன்.

அப்போது கணக்கர்தான் என்னைக் காப்பாற்றினார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மிஷினு தெக்கு பாத்துல்ல இருக்கு!” என்றார்.

அறை முழுக்க ஒரு முனகல் எழுந்தது. எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. பேங்க் மேனேஜர்கூட, தான் உள்ளே நுழையும்போதே நினைத்ததாகச் சொன்னார்.

“ஆமா முதலாளி. திருப்பி வச்சா ஓடும்” என்றேன். கணிதம் படித்த நான்தான் இதைச் சொன்னேன். “ஆனா ஒயரு, குழாயெல்லாம் மாத்தணும். ரெண்டு நாள் ஆகும்.”

எனக்குத் தேவை அந்த இரண்டு நாள்தான். ஒரு பக்கம் கடப்பாரையும் உருளைக் கட்டையுமாகப் பத்துப் பேர் கம்ப்யூட்டரைக் கிழக்கே திருப்பினார்கள். ஒவ்வொரு அடிக்கும் கணக்கர் எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டார். எலுமிச்சைச் சாறு ஒயரில் தெறிக்காமல் என்ஜினீயர் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபக்கம், கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இரண்டு பெண்களும் நானும் சம்பளப் பேரேட்டைப் பார்த்து அத்தனை அட்டையையும் புதிதாக அடித்தோம். அந்தப் பெண்கள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சள் அட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததோடு சரி.

சாயங்காலம் கணக்கர் கிண்ணத்தோடு கதவைத் தட்டினார். அதில் மஞ்சள் குழைத்து வைத்திருந்தார். “மிஷின திருப்புறோம்ல, அட்டைக்கும் இன்னொருக்க வச்சுருவோம்” என்றார்.

“ஐயா, ஒரு தடவ வச்ச அட்டைக்கு ரெண்டாந்தரம் வைக்கலாமா? முறையா அது?” என்று கேட்டேன்.

அவர் நின்று யோசித்தார். “வைக்கக் கூடாதுதான்” என்று கிண்ணத்தோடு திரும்பிப் போனார். அனுமதி இல்லாதவரை எப்படித் தடுப்பது என்று மெட்ராஸில் சொல்லித் தராததை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். பின்னால் எத்தனையோ ஆபீஸ்களில் எத்தனையோ மேலதிகாரிகளை இதே முறையில் வாசலோடு அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாம் முறை, அதே விருந்தாளிகள் முன்னால், கம்ப்யூட்டர் கிழக்கு பார்த்து நின்றது. பொத்தானை அழுத்தியதும் அட்டைகள் சரசரவென்று உள்ளே போயின. சம்பளச் சீட்டுகள் மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தன. “கெழக்க பாத்ததும் என்ன ஓட்டம் ஓடுது பாத்தீகளா!” என்று கணக்கர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். அவரைக் கட்டிப்பிடித்தவர்கள் உண்டு. என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை, அதுபற்றி எனக்குக் கவலையும் இல்லை. முதலாளி மட்டும் படித்த அட்டைகள் விழுகிற தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஒன்றை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பி மூலைகளைப் பார்த்தார். அட்டை வெள்ளைவெளேரென்று இருந்தது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டார்.

மதியம் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் என் நிரந்தர உத்தரவு, தட்டச்சு செய்து, கையெழுத்து இல்லாமல் கிடந்தது.

“மஞ்ச வச்ச அட்டையெல்லாம் எங்கப்பா?”

“பீரோவுல பத்திரமா இருக்கு முதலாளி. குப்பையில போடல.”

பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. “தெக்கு பாத்திருந்தாலும் ஓடியிருக்கும், இல்ல?”

இல்லை என்றால் முகத்துக்கு நேரே பொய். ஆமாம் என்றால் இரண்டு நாளாக அவரையும் அவர் சம்பந்தியையும் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டுமே நரிக்குடி பஸ்ஸுக்குத்தான் போகும் என்று தோன்றியது.

“ஓடியிருக்கும் முதலாளி” என்றேன்.

“அன்னைக்கே இத எல்லாரு முன்னாடியும் சொல்லியிருந்தா, சம்பந்தி முன்னால என் மொகத்த எங்கப்பா வச்சிருப்பேன்?”

உத்தரவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சாமத்துல மிஷினு நின்னா, பயந்து ஓடாம ஓட்டிக் காட்டுறவன்தான் எனக்கு வேணும்” என்று கையெழுத்தைப் போட்டார். “எனக்குக் கூட மஞ்ச வைக்கச் சொல்லணும்னு தோணுச்சே தவிர, அட்ட நனையும்னு தோணல. இனிமே பெட்டி மேல மட்டும் வைக்கச் சொல்றேன். கணக்கர்ட்ட எதையும் சொல்லிராத. பழம் வெட்டி வெட்டி அவருக்குக் கையெல்லாம் எரியுதாம்.”

தாளை என் பக்கம் தள்ளினார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வந்து பஞ்சு குடோனுக்குப் பின்னால் நின்று அழுதேன். வேலை கிடைத்த சந்தோஷம் பாதிதான். இரண்டு நாள் நான் ஊரையே ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அதைத் தெரிந்துகொண்டே என் மானத்தைக் காப்பாற்றியிருந்தார்.