காலியாகவே இருந்த பெட்டி

ஜூலை ஒன்பது, காலை பத்து இருபது, புழுக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் அலுவலகத்துக்குள், சாதிப் பாகுபாடு பற்றி மாணவர்கள் புகார் போடும் பெட்டியைக் குழு உறுப்பினனாக ஏழாவது மாதமும் திறந்தேன். ஏழாவது முறையும் காலி.

"இங்க பாகுபாடே இல்ல போலிருக்கு" என்றேன்.

காதுக்கு ஒன்றாக இரண்டு பேனா செருகியிருந்த அலுவலக வாசல் காவலர் சிரித்தார்.

"உள்ள வர்றவங்க பேரு, இன்னா வேலைன்னு என் நோட்டுல எழுதணும் சார். புகார் போடன்னு எவன் எழுதுவான்? நேத்து ஒரு பொண்ணு லெட்டர வெச்சிக்கினு நின்னுச்சி. நோட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சி."

"ஏம்பா, ஏழு மாசமா ஏன் சொல்லல?"

"நீங்களும்தான் ஏழு வாட்டி எழுதிட்டு வந்தீங்க. தெரியும்னு நெனச்சேன்."

அன்றே பெட்டியைக் கேன்டீன் தண்ணீர்க் குழாயருகே மாட்டச் செய்தேன். மறுநாள் அதில் ஒரு கடிதம் இருந்தது. பலநாள் பையில் கிடந்து ஓரம் கசங்கியிருந்தது. திருகாணி, கூலி உட்பட எனக்கு ஆன செலவு நூற்றெண்பது ரூபாய்.