‘சரி’ ஒட்டிய இஸ்திரிப் பெட்டி

என் கணவர் மெஹபூப் அலிக்குப் பழைய மீட்டர்களைப் பழுது பார்ப்பதுதான் தொழில். திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை.

மூன்று வருடத்துக்கு முன், ஈக்காட்டுத்தாங்கலில் இஸ்திரிப் பெட்டி செய்யும் நிரஞ்சன் ஒரு மீட்டரைக் கொண்டுவந்தார். பெட்டியின் உடம்பில் கரண்ட் எவ்வளவு கசிகிறது என்று அது அளக்கும். எழுபத்தைந்தைத் தாண்டினால் பெட்டியைக் கழித்துவிட வேண்டும். மீட்டரின் எண்ணைக் கம்பி வழியாகக் கம்ப்யூட்டர் வாங்கி, ‘சரி’ என்று சீட்டு அடித்துத் தரும். அந்தக் கம்பிகள் சேரும் போர்டைத்தான் இவர் பற்றவைத்தார். மீட்டரின் முகத்தில் எண் சரியாக வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தது. அதில் என்ன வருகிறது என்று இவர் போய்ப் பார்க்கவில்லை. நிரஞ்சன் சந்தோஷப்பட்டு எங்களுக்கும் ஒரு பெட்டி கொடுத்தார்.

அதைத் தொட்டால் எனக்கு விரல் சுருக்கென்னும். இவரிடம் சொன்னால், ஈரக் கையோடு தொட்டிருப்பாய் என்பார். நானும் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு தேய்ப்பேன்.

போன மாதம் வேறு பழுதுக்காகக் கம்பெனிக்கே போனார். மீட்டரில் 86. கம்ப்யூட்டரில் 06. ஒவ்வொரு இலக்கத்துக்கும் நாலு கம்பி. அதில் பத்தாம் இடத்து எட்டைச் சுமக்கும் கம்பியில் இவர் வைத்த ஈயம் பிடிக்கவே இல்லை; அந்த எட்டு கம்ப்யூட்டருக்குப் பூஜ்யமாகப் போயிருக்கிறது. எண்பதுக்கு மேல் கசிந்த பெட்டியெல்லாம் ‘சரி’ சீட்டோடு கடைக்குப் போயிருந்தது. அங்கேயே பற்றவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து எங்கள் பெட்டியை அளந்தார். தொண்ணூற்றொன்று. என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டு நிரஞ்சனிடம் போய், விற்ற பெட்டிகளைத் திரும்ப வாங்கச் சொல்லிக் கேட்டார்.

“மூணு வருசத்துல எவனாச்சும் செத்தானா பாய்?” என்றார் நிரஞ்சன்.

“சாவுற வரிக்கும் பாத்துக்கினு இருக்கணுமா சார்?”

“சரி, உன் தப்புதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. மத்தத நான் பாத்துக்கறேன்.”

பெட்டிகள் திரும்பும் என்று நம்பி எழுதிக் கொடுத்தார். காகிதம் நிரஞ்சனின் பீரோவுக்குள் போனது. பெட்டி ஒன்றும் திரும்பவில்லை. நாளைக்கு யார் வீட்டிலாவது ஏதாவது ஆனால், காட்டுவதற்கு அந்தக் காகிதம் இருக்கிறது. மீட்டர் வேலையும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. ரங்கநாதன் தெருவில் ஒரு கடைக்காரரிடம் இவர் சொல்லிப் பார்த்தார். சீட்டு ஒட்டியிருக்கே பாய் என்று அவர் சிரித்தாராம்.

போன வெள்ளிக்கிழமை, பழசுக்குப் பதிலாக என்று நிரஞ்சன் ஆள் மூலம் ஒரு புதுப் பெட்டி அனுப்பினார். மேலே ‘சரி’ சீட்டு, போன வருடத் தேதியோடு. இவர் அதை மேஜைமேல் வைத்து அளந்தார்.

எண்பத்து நாலு.