லாயாங் லாயாங்கில் பெரியவர் கல்

மலாயாவில், லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் புலியைப் புலி என்று சொல்ல மாட்டார்கள். பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்று பயம். 'பெரியவர்' என்பார்கள். தோட்டத்துப் பெரிய கங்காணியையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. அவரும் 'பெரியவர்'தான். பேச்சியம்மாளின் வாழ்க்கை இந்த ஒரு சொல்லுக்குள் மாட்டிக்கொண்டிருந்ததை 1936இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தெரிந்துகொண்டேன். அதற்காகவா போனேன்? இலக்கிய யாத்திரை போனேன்.

எழுத்தாளர் ஐயாத்துரை சயரோகத்தில் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவருடைய அப்பா அந்த ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஐயாத்துரை சிறுபிள்ளையாக வளர்ந்த ரயில்வே வீட்டைப் பார்க்க ஜொகூர் பாருவிலிருந்து வாசகர்கள் சிலர் கிளம்பினோம். தலைமை, அச்சுக்கூடம் வைத்திருந்த கனகராஜ். நல்ல மனிதர்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் வாயைத் திறந்தால் மூடுவதற்குத் தனியாக ஆள் வேண்டும். நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை, யாழ்ப்பாணத்துக்காரி. கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண் என்பதால், வழிகாட்ட வந்த பேச்சியம்மாள் என் பக்கத்திலேயே நடந்தாள்.

அவள் ஸ்டேஷன் வீட்டைக் கூட்டித் தண்ணீர் இறைப்பவள். குடியிருப்பது தோட்டத்துக் கூலிகளின் லயத்தில். கூடவே அவள் மகள் கிருஷ்ணம்மா வந்தாள். வயசுக்கு வரும் பருவம், ஆனாலும் அம்மாவின் முந்தானையை விடாத பிள்ளை.

முதலில் ஆற்றோரம் போனோம். வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டியைச் சீனர்கள் காய்ச்சிய பழைய இடம். துருப்பிடித்த பெரிய இரும்புச் சட்டிகள் புதருக்குள் கவிழ்ந்து கிடந்தன. அந்தத் தொழிலாளிகளில் எத்தனையோ பேரைப் புலி அடித்த சரித்திரத்தைக் கனகராஜ் விளக்கினார். எனக்குச் சரித்திரம் காதில் ஏறவில்லை. பாராங் கத்தியோடு ஒருவன் எங்களுக்குப் பின்னால் புல் வெட்டிக்கொண்டே வந்தான். நாங்கள் நின்றால் அவனும் நின்றான்.

"பெரியவரோட ஆளும்மா. உங்களுக்குத் தொணைக்கு அனுப்பியிருக்காரு" என்றாள் பேச்சியம்மாள்.

அடுத்து, குங்குமம் அப்பிய ஒரு கல்லைக் காட்டினாள். பெரியவர் கல் என்று பேர்.

"எங்கம்மாவ இங்கதான் பெரியவரு கொண்டுபோனாரு. நான் அப்ப சின்னப் புள்ள. விடியக்காலைல பால் வெட்டப் போச்சு, திரும்பல. சேலைத் துண்டுதான் கெடைச்சுச்சு."

"எந்தப் பெரியவர்?"

அவள் காட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "காட்டுப் பெரியவரும்மா."

கல்லை நட்டவர் அய்யாவு, பெரிய கங்காணி. வருஷா வருஷம் கோழி அறுத்துப் பூசை போடுபவரும் அவரே. தாயில்லாப் பிள்ளைக்குச் சோறு போட்டார், மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்தார், புருஷன் காய்ச்சலில் போனபின் ஸ்டேஷனில் வேலையும் வாங்கிக்கொடுத்தார். இப்போது கிருஷ்ணம்மா நாளையிலிருந்து தன் வீட்டில் தங்கி வேலை செய்ய வேண்டும் என்கிறாராம்.

"புள்ளைக்குப் பிடிக்கல. ஆனா உப்புப் போட்டு வளர்த்தவரு, மாட்டேன்னு எப்படிம்மா சொல்றது?" என்றாள். பிடிக்காதது பிள்ளைக்கு மட்டும் இல்லை என்று அந்தக் குரலே சொன்னது.

கடைசியாக ஐயாத்துரையின் வீடு. ஸ்டேஷனை ஒட்டி, கால்கள் மேல் நின்ற சின்ன மரவீடு. பின்ஜன்னலுக்கு நேர் கீழே, லயத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் ஒற்றையடிப் பாதை. கனகராஜ் ஜன்னலோரம் நின்று ஐயாத்துரையின் கதை ஒன்றை உரக்க வாசித்தார்.

"விடியாத கருக்கலில் ஒருத்தி மூட்டையை மார்போடு அணைத்தபடி ஓடிவந்தாள். பின்னால் வந்த பெரியவர் அவள் தலைமயிரைப் பிடித்தார். அவள் கத்தவில்லை. நான் ஜன்னலைச் சாத்தினேன். பெரியவர் கொண்டுபோய்விட்டார் என்று மறுநாள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்."

"ஆகா! புலியை மனிதனாக்கிவிட்டார் பாருங்கள். என்ன கற்பனை!" என்றார் கனகராஜ்.

பேச்சியம்மாள் கிட்டே வந்தாள். "ஐயா, அந்தப் பொம்பள கையில வாளியா, மூட்டையா?"

"மூட்டை என்றுதான் போட்டிருக்கு."

"பால் வெட்டப் போறவளுக்கு மூட்டை எதுக்கு?"

"கதையம்மா, கதை!" என்று சிரித்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "கதையா, அவரு பாத்ததா, டீச்சரம்மா?"

"எனக்குத் தெரியாது. ஆனா புலி தலைமயிரைப் பிடிச்சு இழுக்காது" என்றேன்.

வேறு எப்படிச் சொல்வது? அவள் முகம் வெளுத்தது. மகளின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அய்யாவு கங்காணி வந்தார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, விருந்தாளிகளுக்கு இளநீர். பாராங் கத்திக்காரன் அவர் காதில் ஏதோ சொன்னான்.

"என்னமோ கதை படிச்சீங்களாமே. நமக்கும் படிச்சுக் காட்டுங்க."

நான் கனகராஜுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் கண்ணோ புத்தகத்தில் இருந்தது. கைகளை வீசி, குரலை ஏற்றி இறக்கி, முதலிலிருந்து வாசித்து முடித்தார். கங்காணி இளநீரை நிதானமாகக் குடித்தபடி கேட்டார்.

"அந்த ஸ்டேஷன் மாஸ்டர் பையன் எப்பவும் இந்த ஜன்னல்லதான் நிப்பான்" என்றார். "நல்லா எழுதியிருக்கான். செத்துட்டானா? பாவம்."

பிறகு பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு எதுக்கு? புள்ளைய இப்பவே அனுப்பு. இவன் கூட்டியாருவான்."

கத்திக்காரன் ஓரடி முன்னால் வந்தான்.

"ரெண்டு துணி எடுத்துக் குடுத்து அனுப்புறேன், பெரியவரே" என்று குனிந்து கும்பிட்டாள். மகளை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஜொகூர் பாருவுக்குத் தெற்கே போகும் எங்கள் ரயில் ஸ்டேஷனுக்குள் வந்துகொண்டிருந்தது.

"எங்களோட வாங்கோ. யோசிக்காதேங்கோ" என்றேன்.

அவள் யோசிக்கவில்லை. பிள்ளையைப் பெட்டிக்குள் ஏற்றி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்தோம். "இவர்கள் எங்கே?" என்று ஆரம்பித்த கனகராஜை, வாயை மூடச் சொன்னேன்.

கங்காணி பிளாட்பாரத்தில் மெதுவாக நடந்து எங்கள் ஜன்னலுக்கு வந்தார். பெட்டி நிறைய ஜனம் இருந்ததால் கை வைக்கவில்லை. கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"போறியா? போ. உங்கம்மாவும் ரயிலுக்குத்தான் வந்தா."

வண்டி நகர்ந்தது. கனகராஜுக்கு இப்போதுதான் கதை புரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பால்மரங்கள் முடியாமல் வந்துகொண்டே இருந்தன. தாயைக் கொன்றவன் கையால் இத்தனை வருஷம் சோறு தின்றோமே என்று அழுவாள் என நினைத்தேன். அவள் அழவில்லை. தூங்கிவிட்ட மகளையே கூலாய் ஸ்டேஷன் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, அன்னைக்கு நான் லயத்துல தூங்கிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "எங்கம்மா மூட்டையத்தான் எடுத்துக்கிச்சு. என்னை எழுப்பவே இல்ல."