முப்பத்தொன்றாம் இலக்கத்தின் கருத்து

எங்கள் ஊர் வாசிகசாலையில் எடுத்த புத்தகத்தைச் சும்மா திருப்பிக் கொடுத்துவிட்டு வர முடியாது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்மட்டையிலும் ஒரு கொப்பித்தாள் ஒட்டியிருக்கும். அதன் தலையில் சிவப்பு மையால் ‘வாசகர் கருத்து’ என்று எழுதியிருக்கும். இரண்டு வரியாவது எழுதினால்தான் அடுத்த புத்தகம். செயலாளர் செய்த ஏற்பாடு அது. முதலில் பெயரையும் போடச் சொல்லியிருந்தார்கள். ஒருவருடைய கருத்துக்குக் கீழே இன்னொருவர் ‘விளங்காதவர் பேச்சு’ என்று எழுதி, அது கோயில் திருவிழா வரைக்கும் போய் நாறியதால், பெயர் வேண்டாம், அங்கத்தவர் இலக்கம் போதும் என்று முடிவாயிற்று. எந்த இலக்கம் யாருடையது என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும் என்பதைச் செயலாளர் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பதினான்கு ஆகாதவர்களுக்கு இலக்கம் கிடையாது. ஆகவே நான் சின்னம்மா கொண்டுவருவதைத்தான் வாசித்தேன். அம்மாவின் தங்கையான அவர் எங்களோடு கொக்குவிலில் இருந்தார். முன்பள்ளியில் படிப்பித்தார். எனக்கு எழுத்துப் பழக்கியவரும் அவர்தான். என் எழுத்துக்கும் அவர் எழுத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய பெருமை.

அந்த வருடம் சின்னம்மா ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து வந்தார். ஒரு நாயைப் பற்றிய பழைய சாகச நாவல். வேறு எங்கோ எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்தது. பனி மூடிய நாடொன்றில் எசமானைத் தவறவிட்ட நாய் மலையும் ஆறும் கடந்து அலைகிறது. குளிர்காலம் முழுவதும் அதற்குச் சாப்பாடு போட்டு வைத்திருக்கிறான் ஒரு மரவெட்டி. கடைசியில் எசமான் அனுப்பிய கப்பல் வருகிறது. நாயை ஏற்றிவிடுகிறார்கள். கப்பல் நகர்ந்ததும் நாய் கடலில் குதித்து, கரையில் நிற்கும் மரவெட்டியிடம் நீந்தி வந்து சேர்கிறது. அத்தோடு கதை முடிகிறது.

“நாயைக் கண்டால் ஒழுங்கை மாறி மற்றத் தெருவாலை போறவள், நாய்ப் புத்தகத்தை மூண்டாந்தரம் வாசிக்கிறாள்” என்று அம்மா சிரித்தார். சின்னம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் புத்தகத்தில் முதலில் வாசித்தது பின்மட்டைத் தாளைத்தான். எட்டாம் இலக்கக்காரர், கோயிலில் புராணம் படிப்பவர், ‘நாய்க்கு இத்தனை தடவை இறைச்சி கொடுப்பதை மொழிபெயர்த்தவர் தவிர்த்திருக்கலாம்’ என்று எழுதியிருந்தார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற பத்தொன்பதாம் இலக்கக்காரருக்கு, கப்பல் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டதை நம்ப முடியவில்லை. அவர்களுக்குக் கீழே ஐம்பத்தேழும் முப்பத்தொன்றும் மட்டும்தான் மாறி மாறி எழுதியிருந்தார்கள். கடைசி மூன்றும் இப்படி இருந்தன.

‘நாய் குதித்தது சரி. 57.’

‘சரியாக இருக்கலாம். ஆனால் மரவெட்டி கரையில் நிற்பான் என்று நாய்க்கு என்ன நிச்சயம்? 31.’

‘நிற்பான். அவன் வேறு எங்கும் போகிறவன் அல்ல. நாய்க்குக் குதிக்க மனம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 57.’

முப்பத்தொன்று சின்னம்மா. ஐம்பத்தேழு எங்கள் பின்வளவுக்காரர். மாலை வகுப்பு நடத்தும் ரியூட்டரியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த இளைஞர். வேலியைப் பிரித்து மதில் கட்டியபோது அப்பா ஒரு சாண் நிலத்தை விழுங்கிவிட்டார் என்று அவர் வீட்டாரும், விட்டுக்கொடுத்ததே நாங்கள்தான் என்று எங்கள் வீட்டாரும் சொல்லி, இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு நின்று வருடக்கணக்காகியிருந்தது. அப்படிப்பட்டவரோடு சின்னம்மா நாயைப் பற்றி இவ்வளவு மரியாதையாக வாதாடியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. படித்தவர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே நாட்களில் சின்னம்மாவுக்குக் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் மறுமொழிக்காக அடிக்கடி தொலைபேசி எடுத்தார்கள். வீட்டில் இருந்த ஒரே கைபேசி அம்மாவிடம்தான் இருக்கும். அதைக் கையால் பொத்திக்கொண்டு அவர் சின்னம்மாவைப் பார்ப்பார். சின்னம்மா “யோசிச்சுச் சொல்லுறன்” என்பார். நாய்ப் புத்தகம் மேசையிலேயே கிடந்தது. கருத்து எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கொடுக்கவேண்டிய திகதியும் வந்துவிட்டது. திகதி பிந்தினால் வாசிகசாலைக் கரும்பலகையில் பெயரை எழுதிவிடுவார்கள். என் சின்னம்மாவின் பெயர் அதில் வருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று பின்னேரம் சின்னம்மா பக்கத்து ஊரான திருநெல்வேலியின் சந்தைக்குப் போயிருந்தார். நான் புத்தகத்தை ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தேன். எனக்கு அந்த நாயில் சரியான கோபம். கப்பல் ஒன்று தேடி வந்து ஏற்றுகிறது, இது போய்த் தண்ணீரில் குதிக்கிறதே. எனக்கு அப்படி ஒரு கப்பல் வந்தால் விடுவேனா? பேனையை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, என் மிகவும் நல்ல எழுத்தில் எழுதினேன்.

‘நாய் குதித்தது பிழை. கப்பலில் போயிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கும். மரவெட்டியிடம் ஒரு குடிலைத் தவிர என்ன இருக்கிறது?’

இலக்கம் போடாவிட்டால் புத்தகத்தை ஏற்கமாட்டார்கள். ஆகவே 31 என்று போட்டேன். வாசிகசாலைக்கு ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்றைக்கு இரண்டு துண்டு பிட்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சின்னம்மா வந்ததும் மேசையைப் பார்த்தார். “புத்தகம் எங்கை?” என்று கேட்டார்.

“குடுத்திட்டன் சின்னம்மா. திகதி முடிஞ்சுதெல்லோ.”

அவர் மரக்கறிப் பையை நிலத்தில் வைத்துவிட்டு, வந்த கால் ஆறாமல் மறுபடி சைக்கிளை எடுத்தார். ஆனால் வாசிகசாலை பூட்டியாகிவிட்டது. மறுநாள் கேட்டபோது புத்தகம் வெளியே போயிருந்தது. ஒரு கிழமை கழித்துத்தான் அது அவர் கைக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பின்மட்டையைத் திறந்தார். என் வரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது.

‘முப்பத்தொன்று சொல்வது நியாயம். ஏற்றுக்கொள்கிறேன். 57.’

சின்னம்மா என்னைக் கூப்பிட்டார். “உதை நீயோ எழுதினனி?”

“ஓம்.”

“என்ரை நம்பரை ஏன் போட்டனி?”

“எனக்கு நம்பர் இல்லைத்தானே.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தாளை விரலால் தடவியபடி, “அந்த நாய் போயிருக்கத்தான் வேணுமெண்டு உண்மையா நினைக்கிறியோ?” என்று கேட்டார். ஒரு பெரிய ஆளிடம் கேட்பதுபோல அவ்வளவு கவனமாகக் கேட்டார். நானும் பெரிய ஆளாகவே பதில் சொன்னேன். “ஓம் சின்னம்மா. போயிருந்தால்தானே அதுக்கு நல்லது.”

பேனை பக்கத்தில்தான் இருந்தது. அவர் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். கருத்து எழுதாததால் வேறு புத்தகமும் தரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அந்தக் கிழமையே கனடாவுக்குச் சம்மதம் சொன்னார்.

போன வருடம் சின்னம்மா பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்திருந்தார். நானும் அவருமாகக் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, அவராகவே அந்தப் புத்தகக் கதையை எடுத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “உன்னிலை பிழையில்லையடி. அது நீ எழுதினதெண்டு நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். இரண்டு நாள் யோசிச்சன். எனக்குப் பயமாயிருந்தது. நீ எழுதிப்போட்டாய், எனக்கு வசதியாப் போச்சுது” என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா என்று தெரியவில்லை. இன்றுவரை எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தப் பத்து வயதில் எனக்கு வலி எதுவும் இல்லை. வானம் முட்டும் சந்தோசம்தான். படித்த மனிதர் ஒருவர், அதுவும் கணிதம் படிப்பிப்பவர், என் கருத்தை நியாயம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் என் சினேகிதிகள் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தேன்.

கலியாணத்துக்குக் கனடா போகும் சின்னம்மாவை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் புறப்பட்ட வான் வாசிகசாலையைக் கடந்தபோது, நான் அவருக்குப் பக்கத்தில் யன்னலோரம் இருந்தேன். வாசலில் ஐம்பத்தேழாம் இலக்கக்காரர் நின்றுகொண்டிருந்தார். என் கருத்தை ஏற்றுக்கொண்ட மனிதர் என்ற உரிமையில், யன்னலால் கையை நீட்டி உற்சாகமாக அசைத்தேன். சின்னம்மா குனிந்து மடியில் கிடந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவர் மெல்லக் கையை உயர்த்தி, வான் திரும்பும் வரைக்கும் அசைத்தபடியே நின்றார். எனக்குத்தான் அசைக்கிறார் என்று நினைத்தேன்.